ஒரே மினுமினுப்பு, இரண்டு விலை: காஞ்சிப் பட்டு ஜரிகையில் இருப்பது வெள்ளியா, செம்பா?

காஞ்சிபுரம் காந்தி ரோடு. முகூர்த்த மாதங்களில் இந்தச் சாலையில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரிய விஷயம். சென்னை, வேலூர், பெங்களூரு என்று பல ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஒருத்தருக்குக் கல்யாணம், ஒன்பது பேர் சேலை பார்ப்பார்கள்.

அப்படி ஒரு கடைக்குள் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் அரக்கு நிறத்தில் இரண்டு சேலைகள். ஒரே மாதிரி கரை, ஒரே மாதிரி முந்தி, ஒரே மாதிரி புட்டா. கையில் எடுத்தால் எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலைச்சீட்டைத் திருப்பினால் ஒன்றில் 14,000 ரூபாய், இன்னொன்றில் 42,000 ரூபாய்.

“ரெண்டும் பட்டுதானேங்க? அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?”

“பட்டு ஒண்ணுதாம்மா. ஜரிகை வேற.”

இந்த நாலு வார்த்தைப் பதிலுக்குள் பல ஆயிரம் ரூபாய் ஒளிந்திருக்கிறது. வித்தியாசத்தை உண்டாக்குவது தலைமுடியைப் போல மெல்லிய ஓர் உலோகக் கம்பி. அது வெள்ளியா, செம்பா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஏனென்றால் இரண்டுக்கும் மேலே தங்க நிறம்.

இங்கே கடைக்காரர் கேட்டதும் சொல்லிவிட்டார். சொல்லாமல் விற்றால்? 14,000 ரூபாய் சேலையை 42,000 ரூபாய் என்று மாட்டி வைத்தால், பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஜரிகை எப்படி உருவாகிறது?

‘தங்க ஜரிகை’ என்று சொல்லிச் சொல்லி, அது தங்கத்தால் ஆன நூல் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் ஜரிகையில் மிகக் குறைவாக இருப்பது தங்கம்தான்.

சுத்த ஜரிகையின் நடுவில் இருப்பது ஒரு பட்டு நூல். அதற்கு வழக்கமாகச் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அந்த நூலைச் சுற்றி, வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, நெருக்கமாகச் சுற்றுவார்கள். கடைசியாக அதன் மேல் தங்க முலாம்.

வெள்ளி எப்படி இவ்வளவு மெல்லிசாகிறது? வெள்ளியை உருக்கி, கோலாக வார்த்து, ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகள் கொண்ட அச்சுகள் வழியாக இழுப்பார்கள். ஒவ்வொரு துளையைத் தாண்டும்போதும் கம்பி மெலியும், நீளும். பிறகு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினால் தட்டையான நாடா கிடைக்கும். அதைத்தான் பட்டு நூலின் மேல் சுற்றுகிறார்கள்.

நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவதற்கும் காரணம் இருக்கிறது. எவ்வளவு நெருக்கமாகச் சுற்றினாலும் சுற்றுகளுக்கு நடுவே உள்நூல் துளித்துளியாக எட்டிப்பார்க்கும். அது சிவப்பாக இருந்தால் தங்க நிறம் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். வெள்ளையாக இருந்தால் ஜரிகை வெளிறிப் போகும்.

இந்தியாவில் ஜரிகைத் தொழிலின் பெரிய மையம் குஜராத்தின் சூரத். காஞ்சிபுரத் தறிகளுக்கும் அங்கிருந்து ஜரிகை வருகிறது. காஞ்சிபுரத்திலேயே ஜரிகை தயாரித்துக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடுப்பதற்காகத் தமிழக அரசு 1971-இல் தொடங்கிய நிறுவனம், ‘தமிழ்நாடு ஜரிகை ஆலை’ என்று ஊர்க்காரர்கள் அறிந்த தமிழ்நாடு ஜரி லிமிடெட்.

சுத்த ஜரிகையிலேயே செம்பு இருக்கிறதாமே?

ஆமாம். பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும் விஷயம் இதுதான்.

அரசு நிறுவனத்தின் ஜரிகைக்கு உள்ள அளவுகோலின்படி எடையில் வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5 சதவீதம், பட்டு நூல் 24 சதவீதம், தங்கம் 0.5 சதவீதம். முன்பு வெள்ளியின் பங்கு இதைவிட அதிகமாக இருந்தது. இப்போது கிட்டத்தட்ட வெள்ளிக்குச் சமமாகவே செம்பும் இருக்கிறது.

நெசவாளர்கள் ஜரிகையைக் கிலோவில் பேசுவதில்லை. ‘மார்க்’ என்பதுதான் கணக்கு. ஒரு மார்க் என்றால் சுமார் 240 கிராம். பழைய பிரான்ஸில் தங்கம், வெள்ளி நிறுக்கப் பயன்பட்ட ஓர் எடைக்கும் பெயர் ‘மார்க்’தான், அதுவும் ஏறக்குறைய 245 கிராம். ஒரு காலத்தில் பிரான்ஸ் ஜரிகை இந்தியாவுக்கு இறக்குமதியானது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

மேலே சொன்ன சதவீதங்களை ஒரு மார்க்குக்குப் போட்டுப் பார்த்தால்: வெள்ளி 96 கிராம், செம்பு சுமார் 85 கிராம், பட்டு சுமார் 58 கிராம், தங்கம் 1.2 கிராம்.

ஆக, ‘செம்பு இருந்தாலே போலி’ என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு செம்பு, அதை வாங்குபவரிடம் சொன்னார்களா என்பதுதான் கேள்வி.

அப்போ ‘ஹாஃப் ஃபைன்’, ‘டெஸ்டட்’ எல்லாம் என்ன?

கடையில் காதில் விழும் பெயர்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, சுத்த ஜரிகை. ‘ஒரிஜினல் ஜரிகை’, ‘அசல் ஜரிகை’, ‘பியூர் ஜரிகை’ எல்லாம் இதுதான். உள்ளே பட்டு நூல், சுற்றியிருப்பது வெள்ளி கலந்த கம்பி, மேலே தங்க முலாம்.

இரண்டாவது, செம்பு ஜரிகை. ‘ஹாஃப் ஃபைன்’, ‘டெஸ்டட்’ என்று சொல்வார்கள். இதில் கம்பியே செம்பு. அதன் மேல் மின்முலாம் முறையில் மெல்லிசாக வெள்ளி பூசி, பிறகு தங்க நிறம் கொடுப்பார்கள். உள்ளே பருத்தி, விஸ்கோஸ் அல்லது பாலியெஸ்டர் நூல் இருக்கலாம். ‘டெஸ்டட்’ என்ற பெயரில் ஒரு சிக்கல் உண்டு. கேட்டால் ஏதோ பரிசோதனை செய்து தேறியது போலத் தோன்றும். கடைப் பேச்சில் அது பெரும்பாலும் செம்பு ஜரிகைக்கான பெயர்.

மூன்றாவது, பிளாஸ்டிக் ஜரிகை. பாலியெஸ்டர் படலத்தின் மேல் உலோகப் பளபளப்பை ஏற்றி, மெல்லிய நாடாக்களாக வெட்டுவது. இதில் சொல்லும்படியான உலோகமே கிடையாது. விலை மிகக் குறைவு, எடையும் குறைவு.

மூன்றும் சட்டப்படி விற்கக்கூடிய பொருட்கள்தான். ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றை விற்பதுதான் மோசடி.

வெள்ளிக்குப் பதிலாக ஏன் செம்பு? இரும்பு, அலுமினியம் ஏன் இல்லை?

பள்ளிக்கூடத்தில் பார்த்த தனிம அட்டவணையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 11-ஆவது தொகுதியில் மேலிருந்து கீழாக மூன்று பேர் வரிசையாக நிற்பார்கள்: செம்பு (அணு எண் 29), வெள்ளி (47), தங்கம் (79). ஒரே குடும்பம். மூன்றுக்கும் உள்ள பொதுக் குணம், எவ்வளவு இழுத்தாலும் உடையாமல் கம்பியாக நீள்வது. ஒரு கிராம் தங்கத்தைச் சுமார் 2 கிலோமீட்டர் நீளக் கம்பியாக இழுக்கலாம் என்று பள்ளியில் படித்திருப்போம். செம்பும் வெள்ளியும் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் பெரிதாகப் பின்தங்கியவை அல்ல.

அதனால் வெள்ளி செய்கிற வேலையைச் செம்பும் செய்யும். மெலியும், தட்டையாகும், நூலைச் சுற்றும், முலாமைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக நெய்து வந்த நாளில் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது கடினம். ஆனால் விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மெல்லிய செம்புக் கம்பியே தாழ்ந்த சரக்கு என்று நினைக்கவும் வேண்டாம். எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் தந்திகளுக்குக் கீழே ‘பிக்கப்’ என்ற சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய கம்பி. தந்தி அதிரும்போது இந்தக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அதுதான் ஆம்ப்ளிஃபையருக்குப் போய் இசையாகக் கேட்கிறது. இதற்கு வழக்கமாகப் பயன்படுவது 42 கேஜ் செம்புக் கம்பி. அதன் விட்டம் சுமார் 0.063 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடி. புகழ்பெற்ற ஸ்ட்ராடோகாஸ்டர் வகை கிட்டாரின் ஒரு பிக்கப்பில் இந்தக் கம்பி சுமார் 8,000 சுற்று சுற்றப்படும்.

மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிதான் முதலிடம். செம்பு அதற்குச் சில சதவீதமே பின்னால். அந்தச் சில சதவீதத்துக்காக நூறு மடங்கு விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. அதனால் கிட்டாருக்குச் செம்புதான் சரியான தேர்வு. யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை.

அப்படியானால் சேலையில் மட்டும் செம்புக்கு என்ன குறை?

செம்பின் எதிரி காற்றும் வியர்வையும்தான்.

கிட்டார் பிக்கப்பில் போகும் கம்பிக்கு மேலே எனாமல் பூச்சு இருக்கும். காற்று உள்ளே புகாது. ஒரு முறை சுற்றிவிட்டால் அந்தக் கம்பி அப்புறம் அசையாது, மடங்காது, யார் கையும் படாது.

சேலை அப்படியா? கட்டும்போது மடிப்பு, உட்காரும்போது மடிப்பு, பீரோவில் வைக்கும்போது மடிப்பு. கல்யாண மண்டபத்தில் வியர்வை, ஹோமப் புகை, பன்னீர், சென்ட். இத்தனைக்கும் நடுவே செம்பைக் காப்பாற்ற இருப்பது மேலே உள்ள மெல்லிய வெள்ளிப் பூச்சும் தங்க நிறமும் மட்டும்தான். மடிப்பில் பூச்சு விரிசல் விட்டால் செம்பு வெளியே வந்துவிடும்.

வெளியே வந்த செம்பு காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகும், போகப்போகக் கருக்கும். வியர்வையின் உப்பு பட்டால் பச்சை படியும். பழைய செம்புக் குடத்தின் விளிம்பில் பார்க்கிற அதே பச்சை. விரிசல் விடாவிட்டாலும் நாளடைவில் செம்பு அணுக்கள் தங்க முலாமின் ஊடே மேலேறி வரும் தன்மை கொண்டவை. பீரோவில் கட்டாமலே வைத்திருந்த சேலையின் கரைகூட மங்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளியும் கருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. காற்றில் மிகக் குறைந்த அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்தால் கறுப்புப் படலம் உருவாகும். வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கில் நடப்பதும் அதுதான். சுத்த ஜரிகையிலும் செம்பு கலந்திருப்பதால் அது காலத்துக்கும் அப்படியே மின்னும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆனால் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. கருத்துப்போன வெள்ளியும் வெள்ளிதான். சேலை கிழிந்து நைந்தாலும் அந்த உலோகத்துக்கு விலை உண்டு. “பழைய பட்டுச் சேலை வாங்கப்படும்” என்று எழுதிய பலகைகளைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பார்க்கலாம். அவர்கள் வாங்குவது சேலையை அல்ல, அதில் உள்ள வெள்ளியை. பாட்டியின் கிழிந்த கூறைப்புடவைக்குப் பணம் கிடைக்கும். செம்பு ஜரிகைச் சேலையைக் கொண்டுபோனால் “இதுல ஒண்ணும் இல்லம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலான வீடுகளில், ஏமாந்த விஷயம் தெரியவருவதே இந்த இடத்தில்தான். அதற்குள் இருபது வருஷம் ஓடியிருக்கும். பில்லும் இருக்காது, கடையும் இருக்காது.

வெள்ளி விலை ஏறினால் ஜரிகைக்கு என்ன ஆகிறது?

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கிலோ வெள்ளி 1 லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் கீழே இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இதை ஜரிகைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒரு மார்க்கில் 96 கிராம் வெள்ளி. கிலோ 1 லட்சம் என்றால் வெள்ளிக்கு மட்டும் 9,600 ரூபாய். கிலோ 2 லட்சம் என்றால் 19,200 ரூபாய். தங்கம் 1.2 கிராம்தானே என்று விட முடியாது. 2025 இறுதியில் சுத்தத் தங்கம் கிராம் 13,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் அந்தத் துளிக்கே 15,600 ரூபாய் ஆகிறது. இன்னும் பட்டு நூல் விலை, செய்கூலி எல்லாம் சேரவில்லை.

அதே மார்க்கில் உள்ள 85 கிராம் செம்பின் விலை? செம்பு கிலோ சுமார் ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் 85 ரூபாய். ஒரு பிளேட் பிரியாணி விலைகூட இல்லை.

ஒரு சேலைக்கு அரை மார்க் ஜரிகை போவதாக வைத்துக்கொண்டால், வெள்ளி விலை இரட்டிப்பானதால் மட்டும் அந்தச் சேலையின் அடக்கவிலை 4,800 ரூபாய் கூடிவிடும். கரையும் முந்தியும் அகலமான கல்யாணச் சேலை என்றால் இன்னும் அதிகம். வாங்குபவரின் பட்ஜெட்டோ அதே வேகத்தில் ஏறுவதில்லை. இந்த இடைவெளியில்தான் செம்பு உள்ளே நுழைகிறது. சிலர் சொல்லிவிட்டு நுழைக்கிறார்கள். சிலர் சொல்வதில்லை.

தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் என்ன பாதிப்பு?

காந்தி ரோட்டிலிருந்து சற்றுத் தள்ளி, பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளுக்குப் போனால் கணக்கு வேறு மாதிரி தெரியும்.

கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் நெசவாளருக்குப் பட்டையும் ஜரிகையையும் சங்கமே எடை போட்டுக் கொடுக்கும். அவர் வீட்டுத் தறியில் நெய்து சேலையாகத் திருப்பிக் கொடுத்து, கூலி வாங்குவார். தனியார் முதலாளிகளிடம் நெய்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே முறைதான். என்ன ஜரிகை என்பதை முடிவு செய்வது நெசவாளர் அல்ல.

வெள்ளி ஜரிகையானாலும் செம்பு ஜரிகையானாலும் கோர்வை போட ஆகும் நேரம் ஒன்றுதான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று இரண்டையும் ஊடையிலேயே பின்னிச் சேர்ப்பதுதான் கோர்வை. தறியில் நெசவாளரோடு இன்னொருவரும் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். வீட்டில் பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோதான் அந்த இன்னொருவர். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம்.

இவ்வளவு உழைப்பும் செம்பு ஜரிகையின் மேல் கொட்டப்பட்டு, சேலை சில வருஷத்தில் கருத்துப்போனால் வாங்கியவர் என்ன சொல்வார்? “காஞ்சிபுரம் பட்டுன்னு வாங்கினோம், ஏமாந்துட்டோம்” என்பார். எந்தக் கடை, எந்த ஜரிகை என்று யாரும் பிரித்துப் பேசப்போவதில்லை. கெட்டுப்போவது ஊர்ப் பெயர். சுத்த ஜரிகை போட்டு, அதற்கு உண்டான விலை சொல்லும் சங்கத்தின் சேலை அலமாரியிலேயே தங்கிவிடும். அங்கே நெய்பவருக்கு அடுத்த பாவு கிடைக்கத் தாமதமாகும்.

சில்க் மார்க் இருக்கே, அது போதாதா?

போதாது. இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். சேலையில் தொங்கும் ஒவ்வொரு முத்திரையும் ஒவ்வொரு கேள்விக்கான பதில்.

சில்க் மார்க்: மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் வந்தது. இது சுத்தமான பட்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. ஜரிகையைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஹேண்ட்லூம் மார்க்: 2006-இல் வந்தது. கைத்தறியில் நெய்ததா என்பதற்கான பதில். ஜரிகை இதிலும் வராது.

புவிசார் குறியீடு: காஞ்சிபுரம் பட்டு 2005-இல் பெற்றது. இந்த ஊரின் மரபுப்படி நெய்ததா என்பதற்கான அடையாளம். பொய்யாக இந்தப் பெயரைப் போட்டு விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க அடையாள எண் இருக்க வேண்டும். அரை கிராம் மூக்குத்திக்குக்கூட ‘எத்தனை காரட்’ என்று கேட்கிறோம். ஆனால் ஐம்பது கிராம் வெள்ளி இருப்பதாகச் சொல்லி விற்கப்படும் ஜரிகைக்கு அப்படி ஒரு கட்டாய முத்திரை கிடையாது. சில்க் மார்க் உள்ள சேலையில் செம்பு ஜரிகை இருந்தால் அந்த முத்திரை பொய் சொன்னதாக ஆகாது. அதனிடம் நீங்கள் கேட்ட கேள்வியே வேறு.

வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்குத்தான். பரவலாகச் சொல்லப்படும் சோதனைகளும் அவற்றின் வரம்புகளும் இவை:

உள்நூல் நிறம்: சேலையின் பின்பக்கம் தொங்கும் ஜரிகைப் பிசிறு ஒன்றை எடுத்து நகத்தால் பிரித்தால் உள்நூல் தெரியும். சிவப்பு என்றால் சுத்த ஜரிகை, வெள்ளை என்றால் மாற்று என்பது பழைய கணக்கு. வெள்ளை நூல் வந்தால் சந்தேகப்படலாம். சிவப்பு வந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. பாலியெஸ்டர் நூலுக்கும் சிவப்புச் சாயம் ஏற்ற முடியும்.

எரித்துப் பார்ப்பது: அதே பிசிறின் உள்நூலைக் கொளுத்தினால், பட்டு தலைமுடி கருகும் வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி உருண்டையாகக் கெட்டிப்படும். இதிலிருந்து உள்நூலைப் பற்றித் தெரியும், உலோகத்தைப் பற்றித் தெரியாது. சேலையின் மேல் நெருப்பைக் கொண்டுபோக வேண்டாம், தனியாக எடுத்த பிசிறில் மட்டும்.

சுரண்டிப் பார்ப்பது: முலாமைச் சுரண்டினால் செம்பின் சிவப்புச் சாயல் தெரிகிறதா என்று பார்ப்பது. சுத்த ஜரிகையிலேயே செம்பு கலந்திருப்பதால் நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

எடை: பலன் இல்லை. செம்பு வெள்ளியைவிட லேசானதுதான், ஆனால் சேலையின் எடையில் பட்டும் ஜரிகையின் அளவும் சேர்ந்திருப்பதால் கையில் தூக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது.

நம்பகமான வழி, எக்ஸ்.ஆர்.எஃப் கருவி. நகைக்கடையில் தங்கத்தை வைத்ததும் எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டுகிறதே, அதே தொழில்நுட்பம். ஜரிகையின் மேல் எக்ஸ்ரே கதிர் பட்டதும் அதில் உள்ள ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்பும். அதை அளந்து வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவு, தங்கம் இவ்வளவு என்று கருவி சொல்லிவிடும். வெட்ட வேண்டாம், எரிக்க வேண்டாம், சேலைக்கு ஒன்றும் ஆகாது. ஜரிகையைச் சோதிக்கக் காஞ்சிபுரத்தில் இந்தக் கருவி பயன்பாட்டில் இருக்கிறது. பெரிய தொகைக்குச் சேலை எடுப்பவர்கள், சோதித்துக் காட்ட முடியுமா என்று கடையிலோ சங்கத்திலோ தயங்காமல் கேட்கலாம்.

சரி, எதை வாங்குவது?

எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கூறைப்புடவை, தலைமுறைக்கு வைத்திருக்கப்போகும் சேலை என்றால் சுத்த ஜரிகைக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. கரை அகலத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் பட்ஜெட்டுக்குள்ளும் வரும்.

அலுவலக விழா, நண்பர் கல்யாணம், நாலைந்து முறை கட்டிவிட்டு அடுத்தது வாங்கப்போகிறீர்கள் என்றால் செம்பு ஜரிகை தாராளமாகப் போதும். அதை ‘டூப்ளிகேட்’ என்று நினைத்துக் கூச்சப்படத் தேவையில்லை. செம்பு விலை கொடுத்துச் செம்பு ஜரிகை வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஜரிகையே இல்லாமல் பட்டு நூலிலேயே கரையும் புட்டாவும் நெய்த சேலைகளும் காஞ்சிபுரத்தில் கிடைக்கின்றன. கருக்கும் என்ற கவலையே இல்லை. நெய்பவரின் கைவேலைக்கு நேராகக் காசு போகிறது.

எதை வாங்கினாலும் கடையில் மூன்று கேள்விகள்:

“என்ன ஜரிகைங்க? சுத்த ஜரிகையா, ஹாஃப் ஃபைனா?”

“சுத்த ஜரிகைன்னா வெள்ளி எத்தனை சதவீதம்?”

“அதைப் பில்லுல எழுதித் தருவீங்களா?”

மூன்றாவது கேள்விதான் முக்கியம். முதல் இரண்டுக்கும் வாயால் பதில் சொல்வது சுலபம். பேனாவை எடுக்கும்போதுதான் தயக்கம் வரும். ‘பட்டுச் சேலை - 1’ என்று மட்டும் எழுதிய பில், நாளைக்கு ஒரு பிரச்சனை என்றால் ஜரிகையைப் பற்றி எதையும் நிரூபிக்காது.

ஏமாந்துவிட்டால்?

பொருளின் தரத்தைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பதும், பில் தர மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைகள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் செய்யலாம். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. ‘சுத்த ஜரிகை’ என்று எழுதிய பில்லும், அப்படி இல்லை என்று காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப் முடிவும் சேர்ந்தால் உங்கள் தரப்பு வலுவாகும்.

வாங்கிய பிறகு

எந்த ஜரிகையானாலும் ஆயுளைக் கூட்டச் சில சின்னப் பழக்கங்கள் போதும். கட்டிய சேலையை உடனே மடிக்காமல் நிழலில் ஆறவிட்டு, வியர்வை ஈரம் போன பிறகு மடிக்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். அந்துருண்டை சேலையின் மேல் படக் கூடாது. சென்ட்டைச் சேலை கட்டுவதற்கு முன்பே அடித்துக்கொள்வது நல்லது. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, மடிப்பை மாற்றிப் போட வேண்டும். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் இருந்தால் அந்தக் கோட்டில்தான் கம்பி முதலில் விரிசல் விடும்.

மடிப்பு மாற்றும்போது, சேலையோடு அந்தப் பில்லையும் ஒரு துணிப்பையில் போட்டு வைத்துவிடுங்கள். இருபது வருஷம் கழித்து உங்கள் மகள் அந்தச் சேலையை எடுத்து, “அம்மா, இது உண்மையான ஜரிகையா?” என்று கேட்டால் பதில் பீரோவிலேயே இருக்கும்.